நைட் ஷிஃப்ட்காரர்கள் 'நைட் சீரம்' எப்போது போடுவது?

கேள்வி, ஜனவரி 8
மாலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் காலை ஏழுக்கு வெளியே வருவேன். தூக்கமெல்லாம் பகலில்தான். முகத்தில் பூசப் புதிதாக வாங்கிய இரவு சீரத்தில் 'சருமத்தின் இரவுநேரப் பழுதுபார்ப்பைத் தூண்டும் பெப்டைட்' என்று போட்டிருக்கிறது. இரவு என்றால் யாருடைய இரவு? சுவர்க் கடிகாரத்துடையதா, என்னுடையதா? காலையில் படுக்கப் போகும்போது போட்டால் பலன் உண்டா, வீணா?

ஜனவரி 8, இரவு 2.15
உங்களுடைய இரவுதான். படுக்கப் போகும் முன் முகம் கழுவிப் போடுங்கள், முடிந்தது. நானும் பதினொரு வருடமாக இரவுப் பணி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஊர் உலகத்துக்கு நைட் கிரீம் என்றால் எனக்கு அது காலை எட்டு மணிக் கிரீம்.

ஜனவரி 8, இரவு 3.40
மேலே உள்ளது சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி நிற்பதற்குள் எழுதியது. இப்போது மாதிரிகள் வருவது ஓய்ந்திருக்கிறது, கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

தோலுக்கென்று தனிக் கடிகாரம் இருப்பது உண்மை, விளம்பரக்காரர்கள் கட்டிய கதை இல்லை. தலைமைக் கடிகாரம் மூளையில் இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து அது நேரம் பார்க்கிறது. ஆனால் தோலின் மேலடுக்குச் செல்கள், அதற்கு அடியில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜென் புரதத்தைத் தயாரிக்கும் செல்கள், நிறமி செல்கள் என்று ஒவ்வொன்றுக்குள்ளும் அதே இயந்திரம் சின்னதாக ஓடிக்கொண்டிருக்கிறது. கிளாக், பீமால்1 என்று இரண்டு புரதங்கள். இவை சேர்ந்து பெர், கிரை என்ற மரபணுக்களை முடுக்கிவிடும். அப்படி உருவாகும் பெர், கிரை புரதங்கள் பெருகியதும், முடுக்கிவிட்டவர்களையே வந்து அடக்கும். பிறகு அவையும் சிதைந்து தீர்ந்துபோகும். அடக்க ஆளில்லாததால் மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். பழ ஈயில் இந்தக் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.

தோலில் இது எப்படித் தெரியும்? சாயங்காலம் தொடங்கி இரவில் தோல் வழியாக நீர் அதிகம் கசியும், தோலின் சூடு ஏறும், அரிப்பு கூடும், மேலே பூசுவது உள்ளே இறங்குவதும் சுலபமாகும். கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தைகள் பகலெல்லாம் விளையாடிவிட்டு இரவில் சொறிந்து தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. முகத்தில் எண்ணெய் வழிவது நடுப்பகலில் உச்சம்.

என் வேலையில் இது தினசரி விவகாரம். கார்டிசால் என்ற ஹார்மோன் பரிசோதனைக்கு வரும் குழாயில் ரத்தம் எடுத்த நேரம் எழுதியிருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு உச்சத்தில் இருப்பது நள்ளிரவில் தரைதட்டிக் கிடக்கும். நேரம் இல்லாத குழாயைத் திருப்பி அனுப்பிவிடுவோம், அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. 'இரவு சீரம்' என்று மட்டும் சொல்லி யாருடைய இரவு என்று சொல்லாத பாட்டிலும் எனக்கு அந்தக் குழாய் மாதிரிதான் தெரிகிறது.

ஜனவரி 10, இரவு 1.20
பெப்டைட் என்றால் என்ன என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். அமினோ அமிலங்களின் குட்டைச் சரம். நீளச் சரம் மடிந்து உருவெடுத்தால் புரதம், சில மணிகளை மட்டும் கோத்தது பெப்டைட். செல்களுக்கு இது செய்தி. கொலாஜென் உடைந்து துண்டுகள் மிதந்தால், 'இங்கே ஏதோ சேதமாகிவிட்டது' என்று அடியிலுள்ள செல்கள் புதிதாகச் செய்யத் தொடங்கும். அந்தத் துண்டையே செயற்கையாகச் செய்து பூசி, உடையாததை உடைந்ததாக நம்பவைப்பதுதான் ஒரு வகைப் பெப்டைட்டின் உத்தி. பொய்ப் புகார் கொடுத்து வேலை வாங்குவது.

நீங்கள் சொல்லும் கடிகாரப் பெப்டைட் வேறு வகை. லேபிளில் டிரைபெப்டைட்-32 அல்லது டெட்ராபெப்டைட்-26 என்று தேடிப் பாருங்கள். தோல் செல்களின் கடிகார மரபணுக்களைத் தூண்டி, தாளம் தப்பியதைச் சீராக்கும் என்பது தயாரிப்பாளர்கள் தரப்பு. பெரும்பாலும் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் பார்த்தது. தட்டில் உள்ள செல்லுக்கு மேலே காவலுக்கு ஆளில்லை, ஊற்றியதெல்லாம் நேராகப் போய்ச் சேரும். நம் முகத்தில் செத்த செல்களின் மதில் ஒன்று இருக்கிறது. 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறு அந்த மதிலைத் தாண்டுவது கடினம் என்று ஒரு பொதுக் கணக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதைச் சமாளிக்கத்தான் பல பெப்டைட்டுகளின் பெயரில் முன்னால் 'பால்மிட்டாயில்' என்று ஒரு கொழுப்பு வால் ஒட்டியிருக்கும். தோலின் மதில் கொழுப்புச் சாந்தில் கட்டியது, கொழுப்பு வாலுள்ளது அதில் வழுக்கி இறங்கும்.

ஜனவரி 12, காலை 8.10
பேசிக்கொண்டே இருப்பதற்குப் பதில் செய்து பார்க்கிறேன். அதே டெட்ராபெப்டைட்-26 உள்ள சீரம் என்னிடமும் ஒன்று பிரிக்காமல் இருக்கிறது (பிறந்தநாள் பரிசு, ஜாடை புரிகிறது). இன்று முதல் 12 வாரம், வலது கன்னத்தில் மட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாய்ஸ்சரைசர். வாரம் ஒரு போட்டோ, அதே விளக்கு, அதே சுவர்.

12 வாரம் ஏன் என்றால், பால்மிட்டாயில் பென்டாபெப்டைட்-4-ஐ வைத்து 2005-இல் வந்த ஆய்வும் 12 வாரம், அதுவும் முகத்தைப் பாதியாகப் பிரித்ததுதான். 35 முதல் 55 வயது வரை 93 பெண்கள், எந்தப் பக்கம் எது என்று யாருக்கும் தெரியாது. சின்னச் சுருக்கங்கள் குறைந்தன என்று முடிவு வந்தது. எனக்கு 44, வயது பொருந்துகிறது. மீதி 92 பேர்தான் இல்லை.

ஜனவரி 19, இரவு 4.00
லேபிள் படிக்கும் வித்தை ஒன்று சொல்கிறேன். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும், அதற்குக் கீழே உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். பினாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியை ஐரோப்பிய விதிப்படி ஒரு சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது. ஆகவே பட்டியலில் அதைக் கண்டுபிடியுங்கள். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. என் பாட்டிலில் பெப்டைட் கடைசியிலிருந்து மூன்றாவது. பாட்டில் முழுக்க அதன் பெயர், உள்ளே கடைசி பெஞ்சு. ஏமாற்று வேலை.

ஜனவரி 21, இரவு 12.50
'ஏமாற்று வேலை' என்றது தப்பு. பெப்டைட்டைப் பொறுத்தவரை பட்டியலில் கடைசியில் இருப்பது ஒரு குற்றமே இல்லை. மேலே சொன்ன 93 பேர் ஆய்வில் போட்ட அளவு பத்து லட்சத்தில் மூன்று பங்கு. 30 கிராம் புட்டியில் கணக்குப் போட்டால் 0.09 மில்லிகிராம், அதாவது பொடியுப்பில் ஒன்றிரண்டு பரல். செய்தி சொல்ல வந்தவனுக்கு உடம்பு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஹார்மோன் பரிசோதனையில் ராத்திரி பூராவும் நானோகிராம் எண்ணுகிறவள் நான், எனக்கே இது உறைக்கவில்லை.

ஆனால் லேபிளில் எந்த இடத்தில் இருந்தாலும் போட்டது போதுமான அளவா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. அந்தக் கோபத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 22
'அக்கா' என்று கூப்பிட்டவருக்கு: தாராளமாக. 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டவருக்கு: வாரம் பன்னிரண்டு முடியட்டும், பேசிக்கொள்வோம்.

ஜனவரி 27, இரவு 3.15
நீல நிற சீரம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அது காப்பர் பெப்டைட். கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சரம் ஒரு செம்பு அயனியைப் பிடித்துக்கொண்டிருக்கும், நீலம் அந்தச் செம்பு அயனியின் நிறம். லோரன் பிக்கார்ட் 1973-இல் மனித ரத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்தது. நம் ரத்தத்தில் இயல்பாகவே இருக்கிறது, இருபது வயதில் மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் அளவில் இருப்பது அறுபதில் 80-க்கு இறங்கிவிடும் என்பது அவர் தந்த கணக்கு.

இதில் எனக்கு ஒரு தொழில்முறை நமைச்சல் உண்டு. உடன் வேலை செய்யும் பெண் வாங்கி வந்த நீல சீரத்தின் பட்டியலைப் படித்தேன், டைசோடியம் ஈடிடிஏ என்று இருந்தது. எங்கள் கூடத்தில் ஊதா மூடி போட்ட குழாய்களுக்குள் பூசியிருப்பதும் இந்த ஈடிடிஏ குடும்பம்தான். உலோக அயனியைக் கண்டால் நண்டு மாதிரி கவ்வும். ரத்தத்தில் கால்சியத்தைக் கவ்விவிடுவதால்தான் ரத்தம் உறையாமல் இருக்கிறது. கால்சியத்தைவிடச் செம்பைப் பிடித்தால் இன்னும் இறுக்கம், அந்தப் பெப்டைட்டின் பிடியைவிடவும் இறுக்கம். செம்பை விற்கிற புட்டியிலேயே செம்புத் திருடனையும் போட்டு மூடியிருக்கிறார்கள். ஈடிடிஏ கொஞ்சமாகவும் செம்பு அதிகமாகவும் இருந்தால் பாதிப்பு பெரிதாக இருக்காது, புட்டி நீலமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்று நாள் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

காப்பர் பெப்டைட்டையும் வைட்டமின் சி சீரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச வேண்டாம். செம்பு வைட்டமின் சி-யைக் கெடுக்கும், வைட்டமின் சி செம்பின் நிலையை மாற்றும். ஒன்று வெளியே போகும் முன், மற்றது படுக்கப் போகும் முன் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 3, இரவு 2.30
'சருமம் இரவில்தான் தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளும்' என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். நானும் ஜனவரியில் அதைக் கேள்வி கேட்காமல்தான் விட்டேன். கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

செல் பிரிதல் இரவில் கூடுகிறது, அது சரி. ஆனால் 2017-இல் பிரிட்டனில் 118 தீக்காய நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். இரவில் சுட்டுக்கொண்டவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 28 நாள், பகலில் சுட்டுக்கொண்டவர்களுக்கு 17 நாள். காயத்தை மூட ஓடி வரும் செல்கள் பகலில் வேகமாக நகர்கின்றன என்பது காரணம். அதாவது அடிபடும் வாய்ப்புள்ள நேரத்தில் காயம் மூடும் படை தயாராக நிற்கிறது. பழுதுபார்ப்பு என்று ஒரே சொல்லில் நாம் அடைப்பது நாலைந்து தனி வேலைகள். ஒவ்வொன்றுக்கும் வேறு ஷிஃப்ட்.

வெயிலில் அடிபட்ட டிஎன்ஏ-வைச் சரிசெய்வதும் இரவில்தான் உச்சம். எலிகளில் 2011-லேயே காட்டிவிட்டார்கள், வட கரோலினாவில் அசீஸ் சஞ்சார் குழு. அவருக்கு 2015-இல் வேதியியல் நோபல்.

பிப்ரவரி 4, இரவு 1.05
நேற்றைய கடைசிப் பத்தியை அழித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக எழுதிவிட்டேன்.

அந்த எலிகளுக்கு விடிகாலை 4 மணிக்குப் புற ஊதா கொடுத்தபோது, மாலை 4 மணிக்குக் கொடுத்ததைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகக் கட்டிகள் வந்தன. காரணம், விடிகாலையில் அவற்றின் பழுதுபார்க்கும் புரதம் அடிமட்டத்தில் கிடந்தது, மாலையில் உயரத்தில் இருந்தது. ஆகவே எலிக்குப் பழுதுபார்ப்பு இரவில் உச்சம் இல்லை. அதோடு எலி இரவில் ஓடியாடிப் பகலில் தூங்கும் ஜென்மம். நமக்கு இது திரும்பியிருக்க வேண்டும், காலையில் பழுதுபார்ப்பு நன்றாகவும் மாலையில் மந்தமாகவும் இருக்கும் என்பது அந்தக் குழுவே சொன்ன ஊகம்.

எலியும் இரவுப் பணிக்காரர்தான் என்பதை நான் மறக்கலாமா?

பிப்ரவரி 4, இரவு 1.30
எலி விஷயத்தில் இன்னொன்று, இது எனக்குப் பிடித்தது. மான்செஸ்டர்க் குழு 2020-இல் எலியின் தசைநாணில் பார்த்தது. தடித்த கொலாஜென் இழைகள் அப்படியே நிலையாக இருக்க, அவற்றுக்கு நடுவே மெல்லிய இழைகள் தினமும் நெய்யப்பட்டுத் தினமும் அகற்றப்படுகின்றன. அன்றாட இழுவையை மெல்லியவை தாங்கி நைந்து போகும், தடித்தவை தப்பிக்கும். கடிகாரம் கெட்ட எலியில் இரண்டும் கலந்து தாறுமாறாகிவிட்டது. 'கொலாஜென் கூடும்' என்று எழுதும் விளம்பரங்கள் எந்த இழை என்று சொல்வதே இல்லை.

பிப்ரவரி 16
வாரம் ஐந்து. வலது கன்னம் மினுமினு என்று இருக்கிறது. மாய்ஸ்சரைசர் அதிகமாகிவிட்டதோ?

பிப்ரவரி 17
சங்கடமான விஷயம். போட்டோ எடுக்கும் போனின் முன் கேமரா கண்ணாடி மாதிரித் திருப்பிக் காட்டுகிறது, சேமிக்கும்போது நேராக்கிவிடுகிறது. சில வாரம் நேராகவும், அமைப்பை நோண்டிய பிறகு சில வாரம் திரும்பியும் இருக்கின்றன. நல்ல வேளை, இடது கன்னத்தில் காதோரம் எனக்கு ஒரு மச்சம் உண்டு. எல்லாப் படத்தையும் மச்சத்தை வைத்து மறுபடி அடுக்கினேன். நேற்று மினுமினுத்தது இடது கன்னம். சீரம் போடாதது.

மார்ச் 2, இரவு 3.50
ஜனவரி 8-இல் நான் கொடுத்த முதல் பதிலுக்குத் திரும்பி வருகிறேன். 'உங்களுடைய இரவுதான்' என்று அடித்துச் சொன்னேன். அவ்வளவு சுலபமில்லை.

ஜப்பானில் மகோட்டோ அகாஷி குழு 2010-இல் ஒரு வேலை செய்தது. ஆட்களின் தலையிலும் தாடையிலும் முடியை வேரோடு பிடுங்கி, வேரில் ஒட்டியிருக்கும் செல்களில் கடிகார மரபணுக்கள் எத்தனை மணிக்கு ஏறி இறங்குகின்றன என்று பார்த்தார்கள். ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்பவர்களிடம், வாழ்க்கை நேரம் பல மணி நேரம் நகர்ந்த பிறகும் செல்களின் நேரம் முழுதாக நகரவில்லை. ஆள் புது ஷிஃப்டுக்குப் போய்விட்டார், முடிவேர் பழைய ஷிஃப்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

முடிவேர் தோலின் பகுதிதான். ஆகவே வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறுகிறவருக்கு, காலை எட்டு மணிக்குப் படுக்கும்போது தோலின் கடிகாரம் அதை இரவு என்று ஒப்புக்கொண்டிருக்காது. என்னைப் போல மாறாமல் இரவுப் பணி செய்பவர்களும் விடுமுறை நாளில் குடும்பத்தோடு பகல் வாழ்க்கைக்குத் தாவிவிடுகிறோம். வாரம் இரண்டு தடவை விமானம் ஏறிக் கடல் தாண்டித் திரும்புகிற மாதிரி.

அப்படியானால் சீரம் எப்போது? இன்னமும் படுக்கப் போகும் முன்தான், ஆனால் காரணம் மாறுகிறது. அப்போதுதான் முகம் கழுவியிருக்கும், ஏழு மணி நேரம் யாரும் துடைக்க மாட்டார்கள், வெயில் படாது. தோலின் கடிகாரம் மணி பார்த்து ஒப்புதல் கொடுக்கும் என்பதற்காக இல்லை.

மார்ச் 3
தூக்கம் கெட்டால் தோல் கெடுமா என்று கேட்டவருக்கு: கிளீவ்லாந்தில் 60 பெண்களை வைத்துச் செய்தார்கள். ஒட்டும் டேப்பால் தோலின் மேலடுக்கை உரித்துவிட்டு 72 மணி நேரம் கழித்துப் பார்த்ததில், நன்றாகத் தூங்கியவர்களின் தோல் 30 சதவீதம் கூடுதலாக மீண்டிருந்தது. பணம் கொடுத்தது எஸ்டீ லாடர் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். நைட் சீரம் விற்பவர்களே 'நன்றாகத் தூங்கு' என்று கண்டுபிடித்திருப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

மார்ச் 14, இரவு 2.00
போன் வெளிச்சம் தோலைக் கெடுக்குமா என்று கேட்டவருக்கு: 410 நானோமீட்டர் நீல ஒளி தட்டில் உள்ள தோல் செல்களில் பெர்1 என்ற கடிகார மரபணுவை நேரடியாகக் குறைத்தது என்று 2019-இல் வந்தது, உண்மை. அதாவது தோல் செல்லும் மூளையைக் கேட்காமல் வெளிச்சத்துக்கு மசிகிறது. ஆனால் போன் திரையிலிருந்து வருவது வெயிலின் நீலத்துக்கு முன்னால் தூசு. போனைத் தள்ளி வைப்பது தூக்கத்துக்காக, முகத்துக்காக இல்லை. (இதை நான் போனில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.)

ஏப்ரல் 6, காலை 9.00
12 வாரம் முடிந்தது!

தங்கையிடம் கடைசி வாரப் படத்தைக் கொடுத்தேன். எந்தப் பக்கம் சீரம் என்று சொல்லவில்லை. இரண்டு நிமிடம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வலது கன்னத்தைத் தொட்டு, 'இதுதான் நல்லா இருக்கு. இந்தப் பக்கம் கண்ணோரத்துல கோடு கம்மி' என்றாள். மச்சம் இல்லாத பக்கம். சீரம் போட்ட பக்கம்! எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், டெட்ராபெப்டைட்-26-இடமும் சேர்த்து.

ஏப்ரல் 7, காலை 8.45
மன்னிப்பை வாபஸ் வாங்குகிறேன்.

தூக்கம் வராமல் பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஜனவரி 12-இல் முதல் சொட்டு போடும் முன் எடுத்த படத்தையும் தங்கைக்கு அனுப்பி அதே கேள்வியைக் கேட்டேன். 'வலதுதான். அதே படமா?' என்று பதில் வந்தது.

அதாவது என் வலது கன்னம் தொடங்கும்போதே நன்றாக இருந்திருக்கிறது. ஆரம்பத்தில் என்ன இருந்தது என்று பார்க்காமல் முடிவை மட்டும் காட்டிக் குதித்திருக்கிறேன். இதே தப்பைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் செய்தால் பாடம் எடுப்பேன்.

ஏப்ரல் 9, இரவு 12.30
ஏன் இடது கன்னம் மட்டும் மோசம் என்று இரண்டு நாளாக யோசனை. பதில் இன்று காலை வேனில் கிடைத்தது.

வேலை முடிந்ததும் ஆறே முக்காலுக்குக் கிளம்பி எங்களை வீட்டில் இறக்கிவிடும் வேன். பதினொரு வருடமாக நான் இடது வரிசை ஜன்னல். தலையைக் கண்ணாடியில் சாய்த்தால் வீடு வரும்வரை ஐம்பது நிமிடத் தூக்கம். இன்று கண்ணைத் திறந்தபோது இடது கன்னத்தில் வெயில் சூடாக உட்கார்ந்திருந்தது. வேன் போகும் திசைக்குச் சூரியன் இடப்பக்கம் ஏறுகிறது. ஜன்னல் கண்ணாடி புற ஊதா பி-யைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், அதனால் தோல் கன்றுவதில்லை, நமக்கும் தெரிவதில்லை. புற ஊதா ஏ பக்கக் கண்ணாடி வழியாக வரும். கொலாஜெனை ஆழத்தில் போய்க் கடிப்பது அதுதான்.

2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த லாரி ஓட்டுநர் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 69 வயது, 28 வருடம் ஓட்டியவர். ஜன்னல் பக்கமிருந்த இடது முகம் தொங்கிப் பள்ளம் பள்ளமாக, வலது முகம் வேறு ஒருவருடையது போல. அந்தப் படத்தைப் பிறருக்கு நானே அனுப்பியிருக்கிறேன்.

சன்ஸ்கிரீன்? நான் போட்டதே இல்லை. 'இருட்டில் போய் இருட்டில் வேலை செய்கிறவளுக்கு எதற்கு' என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவள். வெளியே வரும் நேரம் என்னவோ பட்டப்பகல்.

ஏப்ரல் 9, இரவு 1.15
இன்னும் ஒன்று சேர்க்க விட்டுப்போனது. வெயிலை விட்டு வந்ததும் சேதம் நிற்பதில்லை. புற ஊதா ஏ பட்ட நிறமி செல்களில், இருட்டுக்குள் வந்த பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் டிஎன்ஏ சேதம் தொடர்ந்து உருவாவதை 2015-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு காட்டியது. நான் வேனிலிருந்து இறங்கித் திரை போட்டுப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. என் 'இரவு' முழுக்க அந்த ஜன்னல் கூடவே வந்து படுத்திருக்கிறது, நானோ அதன்மேல் சீரம் பூசிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரைப் பார்த்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொன்னவர்களின் தோல், இஷ்டப்படி விட்டவர்களைவிட நான்கரை வருடத்தில் 24 சதவீதம் குறைவாக மூப்படைந்திருந்தது. ஒரு பெப்டைட்டுக்கும் இவ்வளவு ஆளும் இவ்வளவு காலமும் வைத்துச் செய்த ஆய்வை நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 15, இரவு 3.00
கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். வேலை முடியும் முன் அங்கேயே முகம் கழுவிச் சீரமும் ரெட்டினாலும் (வைட்டமின் ஏ வகை) போட்டுக்கொண்டு வண்டியில் வீட்டுக்குப் போகிறாராம், 'வீட்டுக்குப் போனதும் விழுந்து தூங்கலாம்' என்று. ஐயோ, வேண்டாம். ரெட்டினால் வெளிச்சத்தில் கெடும், புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தோலில் எரிச்சலும் தரும். அதைப் போட்டுக்கொண்டு காலை வெயிலில் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓட்டாதீர்கள்.

நான் இப்போது செய்வது: ஆறரைக்குக் கையுறையைக் கழற்றிக் கை கழுவியதும் முகத்துக்கும் கழுத்துக்கும் காதுக்கும் சன்ஸ்கிரீன். வீட்டில் வந்து கழுவிவிட்டு, தடித்த திரையை இழுத்துவிட்டு, அப்புறம் மற்றதெல்லாம். சீரம் இருந்தால் சீரம், இல்லாவிட்டால் வெறும் மாய்ஸ்சரைசர். தூங்கும் நேரத்தை விடுமுறையிலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நகர்த்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே உறவினர் வீட்டு விசேஷம். காலை பத்து மணிக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன், வீடியோவில் இருக்கிறது.

ஏப்ரல் 22, காலை 8.20
சீரம் தீர்ந்தது. அடியில் ஒட்டியிருந்ததை டிராப்பரால் சுரண்டி இடது கன்னத்துக்குக் கொடுத்தேன், பாவம், 12 வாரம் பார்த்துக்கொண்டே இருந்தது.

இன்று வேனில் வலது வரிசைக்கு மாறி உட்கார்ந்தேன். அந்த இடத்துக்காரப் பெண் ஏறி வந்து என்னையே பார்த்தாள். நீல சீரம் வைத்திருக்கும் அதே பெண். காரணத்தைச் சொன்னேன். 'அப்ப நான் மட்டும் வெயில்ல உட்காரணுமா?' என்று கேட்டாள். பையிலிருந்து சன்ஸ்கிரீனை எடுத்து நீட்டினேன். வாங்கியதும் முதல் வேலையாகத் திருப்பிப் பட்டியலைப் படித்தாள். 'இதுலயும் ஈடிடிஏ இருக்கு' என்றாள்.